வாயு தப்பும் வழிகள்: கொலராடோ சமவெளி முதல் பெர்மியன் படுகை வரை

ஞாயிறு, டென்வர்

நிலத்திலிருந்து மேலே வரும் இயற்கை எரிவாயு விற்பனை மீட்டரைக் கடப்பதற்குள் அதில் எவ்வளவு காற்றில் கலந்துவிடுகிறது, அதைத் தடுக்க என்ன செய்கிறார்கள் என்பதை நேரில் பார்ப்பதற்காகவே இந்தப் பயணம். கொலராடோ மாநிலத்தின் வடகிழக்குச் சமவெளியில் தொடங்கி, மலைகளைக் கடந்து நியூ மெக்சிகோவின் வடமேற்கு மூலையில் உள்ள சான் ஹுவான் படுகைக்குச் சென்று, பிறகு தெற்கே நெடுந்தூரம் இறங்கி டெக்சாஸில் பெர்மியன் படுகையில் முடிக்கத் திட்டமிட்டிருக்கிறேன். முதலாவது, வீடுகளுக்கு நடுவே கிணறுகள் உள்ள நிலம். இரண்டாவது, வயதாகி அழுத்தம் குறைந்த வயல். மூன்றாவதில் எண்ணெய்தான் முதன்மைப் பொருள், வாயு அதனுடன் கூடவே வருவது. மூன்றிலும் தப்புவது ஒரே மீத்தேன்தான் என்றாலும், தப்பும் வழிகள் வேறு வேறு.

மீத்தேனை எரித்தால், அதே அளவு ஆற்றலுக்கு நிலக்கரியை விடக் குறைவான கரியமில வாயுவே வெளிவருகிறது. எரிக்காமல் தப்பவிட்டாலோ, 20 ஆண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கரியமில வாயுவைக் காட்டிலும் 80 மடங்குக்கு மேல் அது புவியைச் சூடாக்குகிறது. காற்றில் அதன் ஆயுள் ஏறத்தாழ 12 ஆண்டுகளே என்பதால், இன்று அடைக்கப்படும் கசிவின் பலனை நம் காலத்திலேயே காண முடியும். இந்த விஷயத்தில் எனக்குள்ள அக்கறைக்கு முதல் காரணம் அதுதான். கிணற்றிலிருந்து மின் நிலையம் வரையிலான வழியில் 3.2 சதவீதத்துக்கு மேல் வாயு தப்பினால், நிலக்கரியை விட்டு எரிவாயுவுக்கு மாறுவதால் கிடைக்கும் உடனடி நன்மை இல்லாமல் போய்விடும் என்று 2012-இல் வெளியான ஒரு கணக்கீடு காட்டியது. அந்த எண்ணை அளவுகோலாக வைத்துக்கொண்டுதான் இந்த மூன்று நிலங்களையும் பார்க்கப் போகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன். அமெரிக்காவின் எண்ணெய், எரிவாயுத் துறை 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட மீத்தேன் 1.3 கோடி டன், அதாவது மொத்த வாயு உற்பத்தியில் 2.3 சதவீதம் என்று 2018-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கைவிட ஏறத்தாழ 60 சதவீதம் அதிகம். அரசுக் கணக்கு, வால்வு இத்தனை, தொட்டி இத்தனை என்று எண்ணி, ஒவ்வொன்றும் சராசரியாக இவ்வளவு கசியும் என்று பெருக்கிப் போடப்பட்டது. ஒழுங்காக இயங்காத கருவி எவ்வளவு கசியும் என்பது அந்தப் பெருக்கலுக்குள் வருவதில்லை. இந்த இடைவெளியை உண்டாக்குவது எது என்பதைத்தான் வழியெங்கும் தேடப் போகிறேன்.

திங்கள், ஃபோர்ட் காலின்ஸ்

கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மீத்தேன் சோதனைத் தளத்தை இன்று பார்த்தேன். மலையடிவாரத்து வெட்டவெளியில் கிணற்றுத் தலைகள், வாயுவையும் திரவத்தையும் பிரிக்கும் செபரேட்டர்கள், தொட்டிகள், வாயுவை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசர்கள் எல்லாம் உண்மையான உற்பத்தித் தளம் போலவே நிற்கின்றன. ஆனால் இவற்றின் கீழே கிணறு ஏதும் இல்லை. கருவிகள் பெரும்பாலும் எரிவாயு நிறுவனங்கள் கொடுத்தவை. அவற்றின் ஃபிளாஞ்சுகள் எனப்படும் குழாய் மூட்டுகளிலும் வால்வுகளிலும் தொட்டி மூடிகளிலும் வெளித்தெரியாதபடி மெல்லிய குழாய்களைப் பொருத்தி, அளந்த அளவு வாயுவை வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில் கசியவிடுகிறார்கள். கசிவு எங்கே, எவ்வளவு என்பது தளத்தை நடத்துபவர்களுக்கு மட்டுமே தெரியும். கேமராவோடும் டிரோனோடும் வண்டியில் பொருத்திய உணரிகளோடும் வருபவர்கள் அதைக் கண்டுபிடித்து அளவும் சொல்ல வேண்டும். 2017 முதல் இங்கே இந்தச் சோதனைகள் நடந்து வருகின்றன.

மீத்தேனுக்கு நிறமில்லை, மணமும் இல்லை. வீட்டு எரிவாயுவில் நாம் உணரும் நாற்றம் பின்னால் பாதுகாப்புக்காகச் சேர்க்கப்படுவது. கிணற்றடியில் அது கிடையாது. எனவே 3.3 மைக்ரான் அலைநீளத்துக்கு அருகில் மீத்தேன் அகச்சிவப்பு ஒளியை உட்கொள்ளும் தன்மையைப் பயன்படுத்தும் கேமராக்களே கசிவு தேடுபவர்களின் முதன்மைக் கருவி. அந்தக் கேமராவின் சிறு திரையில், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத ஒரு தொட்டியின் மூடியிலிருந்து கரும்புகை போல வாயு பொங்கி எழுவதை இன்று பார்த்தேன். திரையிலிருந்து கண்ணை எடுத்தால் அங்கே வெறும் நீல வானம்தான் இருந்தது.

கேமரா காட்டுவதற்கு அதன் பின்னணிக்கும் வாயுவுக்கும் வெப்பநிலை வேறுபாடு வேண்டும். காற்று பலமாக வீசினால் மெல்லிய கசிவு கலைந்து மறைந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிடித்திருப்பவரின் பழக்கம் வேண்டும். இத்தளத்தில் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், 700-க்கும் மேற்பட்ட தளங்களைச் சோதித்த அனுபவமுள்ளவர்கள், அனுபவம் குறைந்தவர்களைவிட 1.7 மடங்கு அதிகமான கசிவுகளைக் கண்டுபிடித்தார்கள். எங்கே நின்று பார்க்க வேண்டும், எந்த மூட்டில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், வெயில் எந்தப் பக்கம் இருக்கும்போது தொட்டியின் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பவையெல்லாம் கையேட்டிலிருந்து வருவதில்லை. 'ஆண்டுக்கு இத்தனை முறை சோதனை' என்று எழுதும் எந்த விதியும் சோதிப்பவரின் தகுதியைப் பற்றியும் பேசினால்தான் முழுமை பெறும் என்று நினைக்கிறேன்.

செவ்வாய், கிரீலி

கிரீலி அமைந்துள்ள வெல்ட் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) கொலராடோவின் எண்ணெய்க் களஞ்சியம். சோளக்காடுகளுக்கும் மாட்டுப் பட்டிகளுக்கும் புதிதாக முளைத்த வீட்டு வரிசைகளுக்கும் நடுவே, கிணற்றுத் தளங்கள் சுற்றுச்சுவர் வைத்தும் வைக்காமலும் நிற்கின்றன. 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, ஈரி என்ற ஊரில் இருந்த 300 மீட்டர் உயரக் கோபுரத்திலும் வண்டியிலும் எடுத்த காற்று மாதிரிகளைக் கொண்டு, இப்பகுதி உற்பத்தி செய்யும் வாயுவில் ஏறத்தாழ 4 சதவீதம் தப்புவதாக மதிப்பிட்டது. பலத்த விவாதத்தை எழுப்பிய எண் அது. அதற்கு அடுத்த ஆண்டுகளில்தான் கொலராடோ விழித்துக்கொண்டது: 2014 பிப்ரவரியில், எண்ணெய், எரிவாயுத் தளங்களின் மீத்தேனை நேரடியாகக் கட்டுப்படுத்தும் விதியை அமெரிக்காவிலேயே முதலில் இயற்றிய மாநிலம் ஆயிற்று. இங்கே பெரிய அளவில் தொழில் செய்த மூன்று நிறுவனங்களும் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பும் ஒரே மேசையில் அமர்ந்து அந்த வரைவை ஆதரித்தன என்பதை இன்றும் இங்குள்ளவர்கள் நினைவுகூர்கிறார்கள்.

இன்று என்னைத் தளங்களுக்கு அழைத்துச் சென்றவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் 'பம்பர்' வேலை பார்த்தவர். நாள்தோறும் தம் பொறுப்பிலுள்ள கிணறுகளைச் சுற்றிவந்து, அழுத்தம், தொட்டி மட்டம், வால்வு ஆகியவற்றைக் கவனிப்பவரை இங்கே பம்பர் என்கிறார்கள். அவர் முதலில் காட்டியது, செபரேட்டரின் பக்கவாட்டில் கையளவே இருந்த ஒரு பெட்டியை. மீத்தேன் தப்பும் வழிகளில் மிக எளிமையானதும் மிகப் பரவலானதும் அதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கிணற்றிலிருந்து வரும் வாயுவும் திரவமும் செபரேட்டரில் பிரிகின்றன. உள்ளே திரவ மட்டம் உயர்ந்தால் கீழே ஒரு வால்வு திறந்து அதை வெளியேற்ற வேண்டும். அந்த வால்வைத் திறக்க ஒரு விசை வேண்டும். ஒதுக்குப்புறமான தளங்களில் மின்சாரம் இல்லை. ஆனால் அழுத்தமுள்ள வாயு கைக்கெட்டிய தூரத்திலேயே இருக்கிறது. ஆகவே அந்த வாயுவையே விசையாக்கினார்கள். மட்டம் உயர்ந்தால் வாயு சென்று வால்வைத் தள்ளும். வேலை முடிந்ததும் அந்த வாயுவைக் காற்றில் விட்டுவிடும். சில வகைக் கருவிகள் வேலை இல்லாதபோதும் ஓயாமல் வாயுவைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். இங்கே ஒன்றும் பழுதாகவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. அந்தக் கருவி அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. நாடெங்கும் இவ்வகைக் கருவிகள் லட்சக்கணக்கில் இருப்பதால், உற்பத்திப் பிரிவின் மீத்தேன் கணக்கில் இவை முன்வரிசையில் நிற்கின்றன.

மாற்று வழி ஒன்றும் புதிதல்ல. மின்கம்பி வந்த தளத்தில் ஒரு சிறு காற்றுக் கம்ப்ரசரை வைத்து, வாயுவுக்குப் பதில் காற்றை அனுப்பினால் அதே கருவி அப்படியே இயங்கும். வெளியே வருவது காற்று மட்டுமே. கம்பி வராத இடத்தில் சூரியத் தகடும் மின்கலமும் வைத்து மின் வால்வுகளை இயக்கலாம். 2021 பிப்ரவரியில் கொலராடோ, புதிய தளங்களோடு நிற்காமல் ஏற்கெனவே இயங்கும் தளங்களிலும் படிப்படியாக வாயு வெளியிடாத கருவிகளுக்கு மாற வேண்டும் என்று விதித்தது. "முன்பெல்லாம் தளத்துக்குள் நுழைந்தாலே உஸ் உஸ் என்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், அந்தச் சத்தம் இருந்தால் எல்லாம் சரியாக இயங்குகிறது என்று எங்களுக்கு அர்த்தம்" என்றார் அந்தப் பம்பர். புதிய தளத்தில் காற்றுக் கம்ப்ரசர் ஓடும் ஓசையைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

புதிய தளங்களில் தொட்டிகளையே காணோம். எண்ணெயைத் தளத்திலேயே தேக்காமல் நேரே குழாயில் அனுப்பிவிடுகிறார்கள். தொட்டி இல்லாத இடத்தில் தொட்டி மூடி கசிய வழியில்லை. புதிய கிணற்றை நீரழுத்தத்தால் பிளந்து முதன்முதலாகத் திறக்கும்போது வரும் மணல், நீர், வாயுக் கலவையை முன்பு குழியில் கொட்டி வாயுவைக் காற்றில் விட்டார்கள். இப்போது நடமாடும் செபரேட்டர்களைக் கொண்டுவந்து வாயுவைப் பிரித்துக் குழாயில் சேர்க்கிறார்கள். இதை வாயுக் கிணறுகளுக்கு நாடு முழுவதும் கட்டாயமாக்கிய விதி 2012-இல் வந்தது. 2015 தொடக்கம் முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. ஒரே விதியால் ஒரு பெரிய வழி ஏறத்தாழ அடைபட்டது என்றால் அது இதுதான்.

மாலையில் ஃபயர்ஸ்டோன் ஊர் வழியாகத் திரும்பினோம். 2017 ஏப்ரல் 17 அன்று இங்கே ஒரு வீடு வெடித்து இருவர் உயிரிழந்தார்கள். அருகிலிருந்த கிணற்றோடு இணைப்பு துண்டிக்கப்படாமல் கிடந்த ஓர் அங்குலக் குழாய், வீடு கட்டுமிடத்துக்கு அருகில் வெட்டுப்பட்டிருந்தது. அதிலிருந்து மணமில்லாத வாயு மண்ணுக்குள் பரவி வீட்டுக்குள் புகுந்தது. அதன் பிறகே குடியிருப்புகளுக்கு அருகிலுள்ள குழாய்களைக் கண்டறிந்து சோதிக்கும்படி மாநிலம் உத்தரவிட்டது. மீத்தேனைப் பற்றிப் பேசும்போது நாம் பருவநிலையையே முன்வைக்கிறோம். கிணற்றுக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு அது அதற்கு முன்பே வேறு விதமான கேள்வி.

புதன், மலைவழி

நாள் முழுவதும் வண்டியிலேயே கழிந்தது. 3,300 மீட்டர் உயரமுள்ள வுல்ஃப் கிரீக் கணவாயைக் கடந்து இருட்டும் நேரத்தில் டுராங்கோ வந்து சேர்ந்தேன். எழுதுவதற்கு வேறொன்றும் இல்லை.

வியாழன், டுராங்கோவிலிருந்து ஃபார்மிங்டன்

நான்கு மாநில எல்லைகள் சந்திக்கும் இந்த வட்டாரம் 2014-இல் உலகச் செய்தியாயிற்று. 2003 முதல் 2009 வரை ஐரோப்பியச் செயற்கைக்கோள் ஒன்று பதிவு செய்த அளவுகளை ஆராய்ந்தவர்கள், அமெரிக்காவிலேயே மீத்தேன் மிகச் செறிவாக இருக்கும் பகுதி இதுவே என்று கண்டார்கள். ஏறத்தாழ 6,500 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்து ஆண்டுக்கு 5.9 லட்சம் டன் மீத்தேன் எழுவதாக அவர்களுடைய மதிப்பீடு சொன்னது.

இது எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இங்கே எளிய விடை இல்லை. ஏனென்றால் இயற்கையாகவும் இங்கே வாயு கசிகிறது. டுராங்கோவுக்கு அருகில் ஃப்ரூட்லேண்ட் என்ற நிலக்கரிப் படிவம் பூமிக்கு மேலே தலைகாட்டுகிறது. அந்த விளிம்பில் வாயு மண் வழியே வெளியேறுவதால், சில இடங்களில் புல்பூண்டு கருகிக் கிடப்பதை இன்று காலை பார்த்தேன். தெற்கு யூட் பழங்குடியினர் தம் நிலத்தில், அந்த விளிம்பை ஒட்டி ஆழமில்லாத கிணறுகளைத் தோண்டி, வீணாகும் அந்த வாயுவைப் பிடித்துப் பயன்படுத்துகிறார்கள். இயற்கைக் கசிவு என்று கைவிட்டுவிடாமல் அதையும் தங்கள் பொறுப்பாக ஏற்றுக்கொண்ட அவர்களுடைய செயலை மிகவும் மதிக்கிறேன்.

நிலக்கரிப் படிவங்களிலிருந்து நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்து மீத்தேன் எடுக்கும் தொழில் பெரிய அளவில் வளர்ந்தது இந்தப் படுகையில்தான். தமிழ் வாசகர்களுக்கு இது அறிமுகமான பொருள்: மன்னார்குடி வட்டாரத்தில் 2010-இல் உரிமம் அளிக்கப்பட்டு, விவசாயிகளின் எதிர்ப்பால் நிறைவேறாமல் போன திட்டம் இதே முறையைச் சேர்ந்தது. அங்கே கவலை நிலத்தடி நீரைப் பற்றியும் நெல்வயல்களைப் பற்றியும் இருந்தது. 2020-இல் தமிழக அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. இங்கே அந்தக் கிணறுகள் பல பத்தாண்டுகளாக இயங்கி இப்போது முதுமை அடைந்திருக்கின்றன.

இயற்கைக் கசிவா, தொழிற் கசிவா என்ற கேள்விக்கு விடை தேடி, 2015 ஏப்ரலில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தார் இந்தப் படுகையின் மேல் விமானம் ஓட்டினார்கள். அடுத்த ஆண்டு வெளியான அவர்களுடைய முடிவில், 250-க்கும் மேற்பட்ட தனித்தனிக் கசிவிடங்கள் இருந்தன: கிணற்றுத் தளங்கள், தொட்டிகள், வாயுவைச் சுத்திகரிக்கும் ஆலைகள், மண்ணுக்கடியில் ஓட்டை விழுந்த குழாய்கள், ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் காற்றுப் போக்கி. அவற்றில் மிகப் பெரிய 10 சதவீத இடங்கள் மட்டுமே, கண்டறியப்பட்ட மொத்த அளவில் ஏறத்தாழ பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை வெளியிட்டன. ஞாயிறன்று எழுதிய அந்த 60 சதவீத இடைவெளி இங்கேதான் ஒளிந்திருக்கிறது. சராசரியை வைத்துப் பெருக்குபவரின் தாளில் எல்லாத் தொட்டியும் ஒன்றே. காற்றில் பார்த்தால் ஒரு தொட்டி நூறு தொட்டியின் வாயுவை விட்டுக்கொண்டிருக்கிறது. அது எந்தத் தொட்டி என்பது போய்ப் பார்க்கும்வரை தெரியாது.

மாலை, ஆஸ்டெக் ஊருக்கு வெளியே ஒரு பழைய கிணற்றடியில் நெடுநேரம் நின்றேன். வயதான வாயுக் கிணற்றில் அழுத்தம் குறைந்துவிடும்; வாயுவுடன் வரும் நீரை மேலே தூக்கும் வேகம் அதற்கு இருக்காது. நீர் குழாயின் அடியில் தேங்கித் தேங்கிக் கடைசியில் கிணற்றையே அடைத்துவிடும். பழைய வைத்தியம், கிணற்றை நேரே காற்றுக்குத் திறந்துவிடுவது: மேலே அழுத்தம் சட்டென்று விழ, அடியிலிருந்து வாயு சீறிப் பாய்ந்து நீரையும் தள்ளிக்கொண்டு வரும். நீர் வெளியேறும்வரை, சில நேரம் அதற்குப் பிறகும், விற்க வேண்டிய வாயு வானத்துக்குப் போகும். பம்பர் வால்வைத் திறந்துவிட்டு அடுத்த கிணற்றுக்குப் போய் மறுநாள் வந்து மூடிய காலமும் உண்டு என்று இங்குள்ள மூத்தவர் ஒருவர் சொன்னார்.

இப்போது பெரும்பாலான கிணறுகளில் குழாய்க்குள் மேலும் கீழும் ஓடும் ஓர் எஃகு உருளை இருக்கிறது. இதைப் 'பிளஞ்சர்' என்கிறார்கள். கிணற்றைச் சிறிது நேரம் மூடிவைத்தால் பிளஞ்சர் அடிக்கு இறங்கும், கீழே அழுத்தம் சேரும். திறந்ததும் அந்த அழுத்தமே பிளஞ்சரையும் அதன் மேல் நிற்கும் நீரையும் தூக்கிவருகிறது. வாயு விற்பனைக் குழாய்க்குள்ளேயே செல்கிறது. எவ்வளவு நேரம் மூட வேண்டும், எப்போது திறக்க வேண்டும் என்பதில்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது. நேரம் தவறினால் பிளஞ்சர் பாதியில் நின்றுவிடும், மீண்டும் பழைய வைத்தியமே கதியாகும். ஒவ்வொரு கிணற்றின் அழுத்தப் போக்கையும் கணினி படித்து அந்த நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாட்டை இந்தப் படுகையில் 2000-களின் தொடக்கத்திலேயே செய்தார்கள்; அதனால் காற்றில் விடும் வாயு வெகுவாகக் குறைந்தது, விற்கும் வாயு கூடியது. மீத்தேனைக் குறைப்பது செலவு மட்டுமே என்பவர்களுக்கு இந்தக் கிணற்றடியை விடச் சிறந்த பதில் இல்லை.

ஃபார்மிங்டனுக்குத் தெற்கே, நவஹோ மக்கள் வாழும் மேட்டு நிலத்தின் வழியே சிறிது தூரம் சென்றேன். மின் இணைப்பே இல்லாத வீடுகள் இப்பகுதியில் இன்னும் உண்டு. அவற்றின் கண்ணெதிரே வாயு கடந்துபோகிறது.

வெள்ளி, கார்ல்ஸ்பாட்

ஆல்புகர்க்கி வழியாக, நியூ மெக்சிகோவின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஒரு நாள் ஓட்டம். இந்த மாநிலம் 2021 மார்ச்சில் ஏற்ற விதி, 2026 இறுதிக்குள் ஒவ்வொரு நிறுவனமும் தான் எடுக்கும் வாயுவில் 98 சதவீதத்தைப் பிடித்தாக வேண்டும் என்கிறது. எந்தக் கருவியை வை என்று சொல்லாமல் எவ்வளவு தப்பலாம் என்று சொல்லும் விதி இது. அளவு சரியாக எழுதப்பட்டால் நல்ல விதி. ஆனால் எழுதுவது அந்தந்த நிறுவனமே என்பதுதான் என் தயக்கம்.

2018 இறுதி முதல் 2020 ஜனவரி வரை, பெர்மியன் படுகையின் நியூ மெக்சிகோ பகுதியை விமானத்திலிருந்து மீண்டும் மீண்டும் அளந்த ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழுவினர், உற்பத்தியாகும் வாயுவில் ஏறத்தாழ 9.4 சதவீதம் தப்புவதாகக் கண்டார்கள். ஞாயிறன்று எழுதிய 3.2 சதவீதத்துக்கு முன்னால் இந்த எண்ணை வைத்துப் பார்த்தால் இரவு உறக்கம் வராது.

சனி, கார்ல்ஸ்பாட்டிலிருந்து பெக்கோஸ்

285-ஆம் எண் நெடுஞ்சாலையில் மணல் லாரிகளுக்கும் நீர் லாரிகளுக்கும் நடுவே, லவிங், ஓர்லா வழியாக டெக்சாஸுக்குள் இறங்கினேன். தொடுவானம் வரை, வேண்டாத வாயுவை உச்சியில் எரிக்கும் எரிகோபுரங்கள். நாளொன்றுக்கு 60 லட்சம் பீப்பாய் எண்ணெயும் 2,500 கோடி கன அடிக்கு மேல் வாயுவும் தரும் படுகை இது. கிணறு தோண்டுபவர் எண்ணெய்க்காகவே தோண்டுகிறார். வாயு அதனுடன் வந்தே தீரும். அதைக் கொண்டுசெல்லும் குழாய்கள் நிரம்பிவிட்டால், இங்குள்ள வாஹா என்ற எரிவாயுச் சந்தையில் விலை பூஜ்ஜியத்துக்கும் கீழே போகிறது. அதாவது வாயுவை எடுத்துப் போக விற்பவரே பணம் கொடுக்க வேண்டும். 2024-இல் வர்த்தக நாட்களில் ஏறத்தாழ பாதி அப்படித்தான் கழிந்தன. பிளஞ்சர் வைத்தால் இலாபம் என்று வியாழனன்று எழுதினேன். இங்கே அந்த வாதம் நிற்பதில்லை. பிடித்த வாயுவுக்கு விலையே இல்லாத இடத்தில், சந்தை தானாகக் கசிவை அடைக்கும் என்று காத்திருப்பது பயனற்றது. விதியும் குழாயும் இரண்டுமே வேண்டும்.

விற்க முடியாத வாயுவை எரிக்கிறார்கள். எரியும் தீ கண்ணை உறுத்தினாலும், மீத்தேன் கணக்கில் அதைவிடக் கொடியது எரியாத தீதான். எரிகோபுரத்துக்கு அனுப்பிய வாயுவில் 98 சதவீதம் எரிந்துவிடும் என்றே அரசும் தொழில்துறையும் கணக்கிட்டு வந்தன. பெர்மியன் உள்ளிட்ட மூன்று படுகைகளில் எரிகோபுரங்களின் புகைக்கு ஊடே விமானம் ஓட்டி அளந்து 2022-இல் வெளியிட்ட ஆய்வு, உண்மையில் 91.1 சதவீதமே அழிகிறது என்று காட்டியது. 2 சதவீதம் தப்புகிறது என்று எண்ணிய இடத்தில் ஏறத்தாழ 9 சதவீதம் தப்புகிறது. சில கோபுரங்கள் அரைகுறையாக எரிகின்றன. சில அணைந்தே கிடந்து எரியாத வாயுவை அப்படியே கக்குகின்றன. இன்று பகலில் சாலையிலிருந்தே ஒன்றைப் பார்த்தேன்: உச்சியில் தீ இல்லை, ஆனால் அதற்கு மேலே காற்று கானல் போல நெளிந்துகொண்டிருந்தது. அணையாச் சுடரையும், அணைந்தால் தானே பற்றவைக்கும் கருவியையும், சுடரின் வெப்பத்தைக் கண்காணித்து எச்சரிக்கும் உணரியையும் வைப்பது பெரிய தொழில்நுட்பம் அல்ல. கோபுரத்தில் தீ இருக்கிறதா என்று யாராவது தினமும் பார்ப்பதும்கூடப் போதும்.

ஞாயிறு, ஒடெஸ்ஸா

நேற்றிரவும் இன்றும், இங்கே ஒரு நடுத்தர உற்பத்தி நிறுவனத்தில் பணிபுரியும் பொறியாளரோடு பேசிக்கொண்டிருந்தேன். பெர்மியனில் பெருங்கசிவுக்கு முதல் காரணம் தொட்டிகள் என்பது அவருடைய அனுபவம். புதிய கிணறு முதல் மாதங்களில் மிக வேகமாக உற்பத்தி செய்யும். அழுத்தத்திலிருந்த எண்ணெய் தொட்டிக்குள் விழும்போது அதில் கரைந்திருந்த வாயு, சோடா புட்டியைத் திறந்தாற்போல் பொங்கி எழும். தொட்டியால் தாங்க முடியாமல் மேலேயுள்ள அளவுமூடி (எண்ணெயை அளக்கத் திறக்கும் மூடி) தூக்கிக்கொள்ளும். பிறகு சரியாக மூடாமல் நாட்கணக்கில் அப்படியே இருக்கும். அவர்கள் செய்த மாற்றங்கள் இவை: தொட்டிக்கு முன்னால் இன்னொரு கட்டத்தில் அழுத்தத்தைக் குறைத்து வாயுவைப் பிரித்தார்கள், தொட்டியில் எழும் ஆவியை உறிஞ்சிக் குழாயில் சேர்க்கும் கம்ப்ரசரை வைத்தார்கள், தொட்டியின் அழுத்தத்தை அளக்கும் உணரி எல்லை தாண்டினால் கிணறு தானே மூடிக்கொள்ளும்படி செய்தார்கள். கடைசி மாற்றத்துக்குத்தான் உள்ளே எதிர்ப்பு அதிகம் இருந்ததாம், எண்ணெய் நின்றுவிடும் என்பதால். வாயுவைச் சேகரித்துச் செல்லும் இன்னொரு நிறுவனத்தின் கம்ப்ரசர் நிலையம் பழுதாகி நிற்கும்போது, கிணற்றுக்காரர் எண்ணெயை நிறுத்தாமல் வாயுவை மட்டும் காற்றிலோ தீயிலோ விடுவதுதான் இங்கே பழக்கம். அந்தப் பழக்கத்தை உடைத்த இடத்தில் குறைவு உடனே தெரிகிறது என்றார்.

சட்டம் இப்போது பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. 2022-இல் இயற்றிய சட்டம், வரம்புக்கு மேல் வெளியாகும் மீத்தேனுக்கு டன்னுக்கு 900 டாலரில் தொடங்கி 1,500 டாலர் வரை கட்டணம் விதித்தது. அதை வசூலிக்கும் விதியை 2025-இல் நாடாளுமன்றம் நீக்கியது, கட்டணத்தையும் 2034-க்குத் தள்ளிவைத்தது. வாயு வெளியிடாத கருவிகளை நாடு முழுவதும் கோரிய 2024-ஆம் ஆண்டு விதியின் பல காலக்கெடுக்களைச் சுற்றுச்சூழல் முகமை 2025 ஜூலையில் நீட்டித்தது. அதே ஜூலையின் முதல் நாள், மீத்தேனை அளப்பதற்கென்றே 2024 மார்ச்சில் ஏவப்பட்ட மீத்தேன்சாட் செயற்கைக்கோளுடன் தொடர்பு அறுந்துவிட்டது என்ற செய்தியும் வந்தது. ஆயினும் அளப்பது நிற்கவில்லை: 2024 ஆகஸ்டில் ஏவப்பட்ட டனாஜர் செயற்கைக்கோள், கனடாவின் சிறு செயற்கைக்கோள்கள், விமானங்கள் எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. வாங்குபவர்களும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். இங்கிருந்து கடற்கரைக்குக் குழாயில் போய்த் திரவமாகிக் கப்பலேறும் வாயுவின் பெரிய சந்தை ஐரோப்பா. அது 2024-இல் இயற்றிய விதி, தான் இறக்குமதி செய்யும் வாயு எவ்வளவு மீத்தேனைத் தப்பவிட்டு எடுக்கப்பட்டது என்று அளந்து காட்டக் கோருகிறது. தம் நிறுவனம் விமானச் சோதனையை நிறுத்தாததற்கு அதுவே காரணம் என்று பொறியாளர் வெளிப்படையாகவே சொன்னார்.

அவருக்கு இருக்கும் வசதி சிறிய கிணறுகளுக்கு இல்லை. எண்ணெயும் வாயுவும் சேர்த்து, நாளொன்றுக்கு 15 பீப்பாய் எண்ணெய்க்கு இணையான அளவுக்கும் குறைவாகவே தரும் கிணறுகள், அமெரிக்காவின் எண்ணெய், எரிவாயு உற்பத்தியில் ஏறத்தாழ 6 சதவீதத்தையே தருகின்றன. ஆனால் கிணற்றுத் தளங்கள் வெளியிடும் மீத்தேனில் ஏறத்தாழ பாதி அவற்றிலிருந்தே வருகிறது என்று 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. காற்றுக் கம்ப்ரசரின் விலையைத் தாங்கும் வருமானம் அவற்றில் பலவற்றுக்குக் கிடையாது. உடைமையாளரே இல்லாமல் கைவிடப்பட்ட கிணறுகளை மூடுவதற்கு 2021-ஆம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டம் 470 கோடி டாலர் ஒதுக்கியது. அந்தப் பணத்தைக் கொண்டு, பட்டியல் வரிசைப்படி மூடிக்கொண்டு போகாமல், முதலில் கேமராவோடு சென்று அளந்து அதிகம் கசிவதை முதலில் மூட வேண்டும். உடைமையாளர் இருந்தும் விற்பனை மீட்டரில் அசைவே தெரியாத கிணறுகளையும், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி அனாதையாகும் முன்பே, மூடுவதற்கான முழுப் பணத்தையும் வைப்புத் தொகையாகக் கட்டச் செய்து அந்த வரிசையில் சேர்க்க வேண்டும். சான் ஹுவானில் வியாழக்கிழமை பார்த்த பழைய கிணறுகளில் பல, இன்னும் சில ஆண்டுகளில் அந்த நிலையை அடையும்.